தானாக அணையாத பெட்டி

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் பாதி நாள் கருவாடு காயப்போடப் போய்விடுவேன். மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தகவல் மையத்தைப் பற்றி ஞாபகம் இருப்பதை எழுதுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடுவோம் என்று குழுவில் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். திறப்பு விழாவையும் பந்தலையும் மற்றவர்கள் எழுதுவார்கள். அந்தக் கம்ப்யூட்டர் தானாக அணையாமல் இருந்ததை நான் எழுதுகிறேன். அதில் ஒரு பாதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி. சுனாமி அலை வந்துபோன பிறகு வெளியூர்க்காரர்கள் ஓர் அறை கட்டினார்கள். அதில் யாரோ வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, இன்வெர்ட்டர், பேட்டரி, கூரைமேல் ஒலிபெருக்கி. பெண்கள் குழு நடத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அலை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டரில் செய்தி வரும். விடிகாலையில் அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் போட்டைத் தள்ளுவார்கள்.

வாசிப்பது பிளஸ் டூ முடித்த ஒரு பெண், பக்கத்துத் தெரு. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். என் வேலை விடிகாலையில் கதவைத் திறந்து அறையைப் பெருக்குவது, சாயங்காலம் மூடுவது. அஞ்சரைக்குத் தண்ணி லாரி வந்துவிடும், அந்தப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். அப்புறம் நான் கம்ப்யூட்டரை நிறுத்தி, துணி போர்த்தி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

சாவி இடுப்பில் இருந்தால் நாலு பேர் என்னைத் தேடுவார்கள். "பெரியம்மா, கொஞ்சம் திறங்களேன், ரேஷன் கார்டு பாரம் உள்ள இருக்கு" என்பார்கள். மற்றபடி என்னைத் தேட யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம். ஒரே மகளைத் திட்டக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தேன். மாடு, கொல்லை என்று அவளுக்கு அங்கேயே சரியாக இருக்கும். வீட்டில் நான் பேசினால் நானேதான் கேட்டுக்கொள்ளவேண்டும். அதுவும் சரியாகக் கேட்காது.

ஆமாம், எனக்குக் காது மந்தம். இதை நான் ஊருக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை. முதலில் கடுகு வெடிக்கிற சத்தம் போனது. கடுகு கருகின பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்புறம் கொசு போனது. ஒரு வருஷம் எங்கள் தெருவில் கொசுவே இல்லை என்று சந்தோஷமாக இருந்தேன், கை காலெல்லாம் ஏன் தடித்திருக்கிறது என்று யோசிக்காமல். எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். குழுவில் எல்லாரும் சிரித்தால் நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக. செவிட்டுக் கிழவி என்று தெரிந்தால் சாவியை யார் என்னிடம் விட்டுவைப்பார்கள்? அதனால் கூச்சக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு ஒதுங்கியே இருந்தேன். கூச்சமும் உண்டு, அது பொய்யில்லை.

கம்ப்யூட்டரின் பெட்டி மேஜைக்கு அடியில் இருக்கும். உப்புக்காற்று பட்டால் உள்ளே துருப்பிடிக்கும் என்றார்கள். என் பழைய கைத்தறிப் புடவை ஒன்றைக் கிழித்து, தலையிலிருந்து கால்வரை மூடுகிற மாதிரி ஓர் உறை தைத்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

2008 ஆக இருக்கும். கம்ப்யூட்டர் அடிக்கடி வைரஸ் வந்து படுத்துவிடுகிறது என்று குழுத்தலைவி அதைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதில் எழுத்தெல்லாம் தமிழ். எனக்கு ஏக சந்தோஷம். அதுவரை இடம் பார்த்துத்தான் நிறுத்துவேன், கீழ் மூலை, அப்புறம் சிவப்பு என்று. இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தே நிறுத்தினேன். 'கணினியை நிறுத்து' என்று இருக்கும். அமுக்கினால் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வெள்ளையாக ஓடும், திரை கறுப்பாகும். முன்னாலும் திரை இப்படித்தான் இருண்டுபோகும், பெட்டியும் தானாக அணைந்துவிடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, திரையின் பட்டனை அமுக்கி, பெட்டிக்கு உறையைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பெட்டிக்குள் ஒரு சின்ன ஃபேன் உண்டு. ஓடினால் உஸ் என்று சத்தம் வருமாம். பெட்டியின் முகத்தில் பச்சையாக ஒரு பொட்டு விளக்கும் உண்டு. சத்தம் எனக்குக் கேட்காது. விளக்கை என் உறை மூடிவிட்டது, அது எதற்கு என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

ரெண்டு மூணு நாள் போயிருக்கும். காலையில் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பெரியம்மா, நேத்து நீ அணைக்காமயே போயிட்ட. பெட்டி ஓடிக்கிட்டே கெடந்துச்சு" என்றாள்.

"அணைச்சேனே பாப்பா."

"ஸ்கிரீன மட்டும் அணைச்சிருக்க. பேட்டரி பாதியாயிடுச்சு பாரு."

அன்றைக்குச் சாயங்காலம் ரெண்டு தடவை படித்துவிட்டு அமுக்கினேன். மறுநாள் காலையிலும் அதே பேச்சு. உறையை எடுக்கும்முன் நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அமுக்கினேனா, அமுக்கினதாக நினைத்துக்கொண்டேனா?

அந்த வருஷம் கரண்ட் கட்டு ஜாஸ்தி. ஒருநாள் இருட்டினதும் போன கரண்ட் விடிந்தும் வரவில்லை. பெட்டி பேட்டரியை முழுசாகக் குடித்துவிட்டது. காலையில் கம்ப்யூட்டரும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. செய்தி வராவிட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் யாரும் சொல்லி வைக்கவில்லை. செய்தி இல்லை என்றால் அலை இல்லை என்று ஆட்களே எடுத்துக்கொண்டார்கள். நாலு போட்டு போனது. மூணு திரும்பியது. ஒன்று முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலை போச்சு. ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவர் எனக்குத் தம்பி மகன் முறை, என்னை அத்தை என்பார்.

மறுநாள் குழுக் கூட்டம். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா, ஒன்ன நம்பித்தான சாவியக் குடுத்தோம்?" என்றாள் தலைவி.

நான் வாயைத் திறக்கும்முன் பின்னால் இருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வயசாயிட்டா ஞாபகம் எங்க இருக்கும், எங்க மாமியா சோத்துல ரெண்டு வாட்டி உப்பு போடுது" என்று சொன்னார்களாம். என்னை வைத்துத்தான் சிரித்தார்கள் என்று அந்தப் பெண் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தோளில் கட்டுப்போட்டவர் வாசலில் நின்றார். என் முகத்துக்கு நேராகப் பேசினார், அதனால் ஒரு சொல் விடாமல் விளங்கியது.

"ஏன் அத்த, ஒரு பட்டன அமுக்கத் தெரியாதா ஒனக்கு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லவேண்டியதுதான? இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?"

"அமுக்கனேன்பா. சத்தியமா அமுக்கனேன்" என்றேன்.

தலைவி என் பக்கம் திரும்பினாள். "சரி, மிசின்ல கோளாறா ஆளுல கோளாறான்னு தெரிஞ்சிடட்டும். எனக்குக் கலெக்டர் ஆபீசுல கூட்டம் இருக்கு. யக்கா, நீயே சிதம்பரத்துக்குத் தூக்கிட்டுப் போ. லினக்ஸ் போட்ட அம்மாகிட்ட காட்டி, என்னா கோளாறுன்னு எழுதி வாங்கிட்டு வா. மிசின் நல்லாருக்குன்னு எழுதிட்டாங்கன்னா சாவிய வேற ஆளுகிட்ட குடுத்துடலாம். கோவிச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பெட்டியை உறையோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் வைத்து ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னாம்மா மடியில, ஆட்டுக்குட்டியா?"

"கம்ப்யூட்டருப்பா."

"கம்ப்யூட்டருக்குப் புடவையா? அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடு, லேடீஸ் சீட்டுல குந்தட்டும்."

பஸ்ஸே சிரித்தது. இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், சரியான நேரத்தில் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் அதற்கப்புறம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். ஜன்னல் காற்றில் ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டேனோ என்னவோ. இப்படித்தான் எல்லாரும் மெள்ள நின்றுவிடுவார்கள்.

சிதம்பரத்தில் மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்த அம்மாவின் கடை. நாற்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். "நிறுத்தினா நிக்கமாட்டேங்குதா? அது நான் பாக்காம வுட்டுட்டேன் போலருக்கே" என்று பெட்டியை மேஜைமேல் பின்பக்கம் தெரிய வைத்து, மூடியைக் கழற்றி, வயரெல்லாம் மாட்டினார். விளக்கு இருந்த முகம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

முதலில் என்னமோ தட்டினார். நிறுத்துகிறதை அமுக்கினார். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனார். அங்கிருந்து என் பக்கம் திரும்பி, "அம்மா, பெட்டி நின்னுச்சா?" என்று கேட்டார். வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

திரை கறுப்பாக இருந்தது. கடையில் வேறு ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தது, மேலே ஃபேன் சுற்றியது. எனக்கு எல்லாம் ஒன்றுதான். நின்றிருந்தால் நல்லது என்று நினைத்தேன், அதையே சொல்லிவிட்டேன்.

"நின்னுடுச்சும்மா."

அவர் வந்து ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ஃபேன் பட்டுச் சின்னக் கீறல். "ஐயோ, ஓடுதேம்மா! இவ்ளோ சத்தம் போடுது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நின்றார். ஏதோ கேட்டார் என்று அவர் தோள் அசைந்ததில் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார். வாயை நன்றாக அசைத்து, மெதுவாகச் சொன்னார். "எந்த ஊருன்னு கேட்டேன். ஆமான்னு சொல்றீங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எத்தன நாளா இப்படி?"

"நாலஞ்சு வருஷமா."

"வீட்ல தெரியுமா?"

"வீட்ல யாரு இருக்கா தெரிஞ்சிக்க."

அவர் தண்ணீர் கொடுத்தார். பெட்டியைத் திருப்பி விளக்கு என் பக்கம் தெரிய வைத்தார். என் கையை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். உள்ளங்கையில் சன்னமாக ஓர் அதிர்வு இருந்தது. அன்றைக்குச் சூடு பார்த்தபோது எனக்கு அது தெரியாமல் போச்சு.

"இப்ப இங்கயே கைய வைங்க. நான் அணைக்கறேன், நின்னுச்சான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

மறுபடி தட்டினார், படித்தார், யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"உள்ள இருக்கிற போர்டு பழசும்மா. லினக்ஸ் எழுந்திருக்கும்போதே போர்டுல இருக்கிற வருஷத்தப் பாக்குது. இது ரொம்பப் பழசு, இதுக்குக் கரண்ட நிறுத்தத் தெரியாதுன்னு அதுவே முடிவு பண்ணிக்குது. எல்லா வேலையும் முடிச்சிட்டு கரண்ட மட்டும் வுட்டுட்டு நிக்குது. முன்னாடி இருந்தது அப்படிப் பாக்கல."

"நெசமாவே தெரியாதா அதுக்கு?"

"தெரியும். வயசப் பாத்து யாரும் அதக் கேக்கல, அவ்ளோதான்." சிரித்தார். "ஆரம்பிக்கிற எடத்துல ஒரு வார்த்த சேக்கறேன். பழசா இருந்தாலும் பரவால்ல, செய்யச் சொல்லுன்னு."

இங்கிலீஷில் நாலு எழுத்து, நடுவில் ரெண்டு கோடு, அப்புறம் இன்னும் அஞ்சு எழுத்து. அவ்வளவுதான் எழுதினார். மறுபடி போட்டு, மறுபடி நிறுத்தினார். எழுத்து ஓடியது, திரை கறுத்தது. என் உள்ளங்கையில் அதிர்வு நின்றது. பச்சை விளக்கு போனது.

"நின்னுடுச்சும்மா" என்றேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்து சொன்னேன்.

அப்புறம் தலைவிக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்தார். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காது விஷயத்த எழுதவா? நீங்களே சொல்லுங்க."

"வேணாம்மா. சாவி போயிடும்."

அப்புறம் எழுதி மடித்துக் கொடுத்தார். உறையில் விளக்குக்கு நேராக ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள் என்றார். காதை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். சரி என்றேன். ஓட்டை மட்டும் போட்டேன், சட்டைப் பொத்தானுக்கு எடுக்கிற மாதிரி நூல் பிரியாமல் காஜா எடுத்து.

பஸ்ஸில் கடுதாசியைப் பிரித்துப் படித்தேன். 'கோளாறு கம்ப்யூட்டரில்தான். நிறுத்தியவர் மேல் தவறு இல்லை. சரி செய்யப்பட்டது.' ஊர் வருவதற்குள் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

தலைவி அதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தாளாம். "பாவம் யக்காவப் போயி" என்றார்கள். உப்புக் கதை சொன்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவி என் இடுப்பிலேயே தங்கியது. அடுத்த நாள் சாயங்காலம் தோளில் கட்டோடு அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். இன்னொரு கையில் தாளில் சுற்றின கிழங்கா மீன்.

"அத்த, மிசின் கோளாறாமே. ஒன்னப் போயி அந்தப் பேச்சு பேசிட்டேன். மனசுல வச்சிக்காத."

நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாய் வந்தது. அவர் மீனை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். குழம்பு வைத்தேன். உப்பு போட்டேனா, ரெண்டு தடவை போட்டேனா தெரியவில்லை, தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடுதாசியில் இருந்தது பொய் இல்லை. நான் நிறுத்தினது சரிதான். நின்றதா என்று கேட்கிற காது எனக்கு இருந்திருந்தால், முதல் நாளே தண்ணி லாரிக்குப் போன பெண்ணைக் கூப்பிட்டு, பாப்பா இது ஓடுது பார் என்று சொல்லியிருப்பேன். பேட்டரி இருந்திருக்கும், செய்தி வந்திருக்கும், தோள் இறங்கினவரும் கடலுக்குப் போயிருக்க மாட்டார். காது போனது என் குற்றம் இல்லை. மறைத்தது என் குற்றம்தான். பழி முழுவதும் பெட்டிமேல் போக விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் பெட்டி ஒருநாளும் அடம் பிடிக்கவில்லை. சாயங்காலம் நிறுத்துகிறதை அமுக்கிவிட்டு, கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, காஜா ஓட்டை வழியாகப் பச்சைப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது போகும். போன பிறகும் கையை எடுக்கத் தோன்றாது. சூடு ஆறுகிறவரை உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன். அணைந்ததா என்று பார்க்கத்தான் நான் இருந்தேன், இப்போது பெட்டிக்கு நான் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்குப் போய்த்தான் என்ன ஆகப்போகிறது?

இப்போது எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, அலைச் செய்தி அதிலேயே வருகிறது. அறை பூட்டிக் கிடக்கிறது. சாவி மட்டும் இன்னும் என்னிடம்தான், யாரும் கேட்கவில்லை.

இதில் சரிபார்க்க நிறைய இருக்கிறது. வருஷம் 2008தானா, அடுத்ததா, பழைய நோட்டில் பாருங்கள். அந்த இங்கிலீஷ் வார்த்தை என்ன என்று சிதம்பரத்து அம்மாவைக் கேட்டு எழுதிவிடுங்கள். பெட்டி எத்தனை நாள் அணையாமல் கிடந்தது என்று காலையில் வாசித்த பெண்ணைக் கேளுங்கள். அன்றைக்குப் போனது நாலு போட்டா, அஞ்சா, எந்தக் கிழமை என்பதெல்லாம் தோள் இறங்கினவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். நான் போய்க் கேட்டால் அவர் சொல்கிறது எனக்குச் சரியாக விளங்காது. நீங்கள் யாராவது போய்க் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், இந்த நோட்டை முதலிலிருந்து அவருக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.